வீட்டுப் பூனைகளின் இதய நோய்: ஒரு வரலாறு

வீட்டுப் பூனைகளுக்கு வரும் இதய நோய்களுள் பெரும்பாலானவை இதயத்தசையைத் தாக்குபவை. இவை இதயத்தசை நோய்கள் எனப்படும். மனிதரிடம் மிகுதியாகக் காணப்படும் இதயக் குழாய் அடைப்பு பூனைகளிடம் அரிது. நாய்களுக்கு முதுமையில் வரும் இதய வால்வு நோயும் பூனைகளுக்கு அவ்வளவாக வருவதில்லை. பூனையின் நோய் தசையில் தொடங்கி, பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருந்து, சில வேளைகளில் ஒரே நாளில் வெளிப்படுகிறது.

கடந்த அரை நூற்றாண்டில் இந்நோய் பற்றிய அறிவு பெரிதும் மாறியுள்ளது. ஒரு வகை நோய்க்குக் காரணம் உணவில் இருந்த குறை என்பது 1987இல் கண்டறியப்பட்டது. அதன்பின் அந்நோய் ஏறக்குறைய மறைந்தது. மற்றொரு வகைக்கு மரபணுக் காரணம் 2005இல் தெரியவந்தது. ஆனால் அதை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றும் இல்லை. இதனால் நோயை முன்கூட்டியே அறிந்துகொண்டு, நோயுள்ள பூனையுடன் பல ஆண்டுகள் வாழும் நிலை வளர்ப்பவர்களுக்கு உருவாகியிருக்கிறது. இக்கட்டுரை அந்த மாற்றத்தின் வரலாற்றைக் கூறுகிறது.

நோயின் வகைகள்

பூனையின் இதயத்திலும் மனித இதயத்தைப் போலவே இரண்டு மேலறைகளும் இரண்டு கீழறைகளுமாக நான்கு அறைகள் உள்ளன. இடது கீழறையே உடல் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்துகிறது. நோயும் பெரும்பாலும் இந்த அறையின் சுவரிலேயே தொடங்குகிறது.

முதன்மையான வகைகள் இரண்டு. முதலாவது தடித்த இதயத்தசை நோய். இதில் இடது கீழறையின் சுவர் தடித்து விறைக்கிறது. சுருங்கும் ஆற்றல் குறைவதில்லை. ஆனால் சுவர் தளராததால் அறைக்குள் இரத்தம் எளிதில் நிரம்புவதில்லை. மேலறையில் அழுத்தம் கூடி அது விரிகிறது. அழுத்தம் மேலும் கூடினால் நுரையீரலுக்குள்ளோ அதைச் சுற்றியோ நீர் கோக்கிறது. இரண்டாவது விரிந்த இதயத்தசை நோய். இதில் சுவர் மெலிந்து, அறை பெருத்து, சுருங்கும் ஆற்றல் குன்றிவிடுகிறது. ஒன்றில் இதயம் தளர முடியாமலும் மற்றொன்றில் சுருங்க முடியாமலும் தவிக்கிறது. இரண்டிலும் இறுதி விளைவு இதயச் செயலிழப்புதான்.

இவை தவிர, வேறு நோய்களாலும் பூனையின் இதயச்சுவர் தடிக்கலாம். உயர் இரத்த அழுத்தமும் தைராய்டு சுரப்பு மிகுதியும் அவற்றுள் முக்கியமானவை. பூனைகளில் தைராய்டு மிகைச் சுரப்பு நோய் முதன்முதலாக 1979இல் நியூயார்க்கில் விவரிக்கப்பட்டது. வயதான பூனையின் இதயம் தடித்திருந்தால் இவ்விரண்டையும் முதலில் சோதிக்க வேண்டும் என்பது இன்று மருத்துவ வழக்கம். காரணமான நோயைக் கட்டுப்படுத்தினால் இதயமும் பெருமளவு தேறக்கூடும்.

தொடக்ககால அறிவு

பூனை நெடுங்காலம் மருத்துவரின் கவனத்திற்கு வராத விலங்காகவே இருந்தது. கால்நடை மருத்துவம் குதிரை, மாடு, ஆடு ஆகியவற்றை மையமாகக் கொண்டு வளர்ந்தது. எலி பிடிக்க வைத்திருந்த பூனை இறந்தால் அதன் காரணத்தை யாரும் தேடவில்லை. நோயை மறைப்பதும் பூனையின் இயல்பு. இரையாகக்கூடிய சிறு விலங்கு என்பதால் அது தன் பலவீனத்தை வெளிக்காட்டுவதில்லை. இதய நோயுள்ள நாய் இருமும், நடையில் களைத்து நிற்கும். பூனை பொதுவாக இருமுவதில்லை. சற்று அதிகமாகத் தூங்கும், கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கும். வீட்டார் அதை வயதின் இயல்பு என்று எண்ணிக்கொள்வர்.

மனிதரில் தடித்த இதயத்தசை நோயை 1958இல் லண்டனைச் சேர்ந்த நோயியல் அறிஞர் டொனால்ட் டியர் விவரித்தார். இளம் வயதில் திடீரென இறந்தவர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்தபோது சுவர் இயல்புக்கு மாறாகத் தடித்திருந்ததை அவர் கண்டார். 1970களில் நியூயார்க் நகரின் விலங்கு மருத்துவ மையத்தில் சி-குவாங் லியு, லாரி டில்லி முதலியோர் இறந்த பூனைகளின் இதயங்களில் இதையொத்த மாற்றங்களைப் பதிவு செய்தனர். பூனையின் இந்நோய் மனித நோய்க்கு ஒரு மாதிரியாகப் பயன்படலாம் என்ற கருத்தும் அப்போதே எழுந்தது.

இந்த அறிவு பெரும்பாலும் பிணக்கூறு ஆய்விலிருந்து வந்தது. உயிருள்ள பூனையிடம் மருத்துவருக்குக் கிடைத்தவை ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் ஒலியும் எக்ஸ்ரே நிழலும் இதய மின்வரைபடமும் மட்டுமே. தடித்த சுவர் அறையின் உட்பக்கம் நோக்கி வளர்வதால் எக்ஸ்ரேயில் இதயம் இயல்பான அளவிலேயே தெரியக்கூடும்.

டாரின்: உணவில் இருந்த குறை

பூனை இதய நோய் வரலாற்றின் மிக முக்கியமான நிகழ்வு டாரின் என்னும் வேதிப்பொருளோடு தொடர்புடையது. ஜெர்மானிய அறிஞர்களான ஃப்ரீட்ரிக் டீடெமானும் லியோபோல்ட் க்மெலினும் 1827இல் காளையின் பித்தநீரிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். காளையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே இதற்குப் பெயர் வந்தது. இறைச்சி, மீன், சிப்பி வகைகள் ஆகியவற்றில் டாரின் மிகுதி. தானியங்களிலும் காய்கறிகளிலும் இது பெரும்பாலும் இல்லை.

மனிதரும் நாயும் வேறு அமினோ அமிலங்களிலிருந்து டாரினை உடலிலேயே ஆக்கிக்கொள்ள முடியும். பூனையின் உடலில் அதற்கான நொதிகளின் செயல் மிகக் குறைவு. மேலும், பித்த அமிலங்களைப் பிணைக்கப் பூனை டாரினை மட்டுமே பயன்படுத்துகிறது. ஆகவே ஒவ்வொரு நாளும் குடல் வழியே சிறிது டாரினை இழக்கிறது. எலியையும் பறவையையும் முழுதாகத் தின்று வாழ்ந்த விலங்குக்கு இது குறையாக இருக்கவில்லை. இரையிலேயே டாரின் போதிய அளவு இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் பூனையின் உணவு மாறியது. வேட்டையாடாத வீட்டுப் பூனைக்குத் தகர டப்பாவிலும் பையிலும் அடைத்த உணவு வந்தது. 1975இல் கே. சி. ஹேய்ஸும் அவருடைய குழுவினரும் பால் புரதமான கேசினை மட்டும் புரதமாகக் கொடுத்து வளர்த்த பூனைகளின் விழித்திரை சிதைவதையும், அதற்கு டாரின் குறைபாடே காரணம் என்பதையும் காட்டினர். இதன் பின்னர் பூனை உணவில் இருக்க வேண்டிய டாரின் அளவு பற்றிப் பரிந்துரைகள் வகுக்கப்பட்டன. கண்ணைக் காக்கும் அளவு உடல் முழுவதற்கும் போதும் என்று கருதப்பட்டது.

இதே காலத்தில் விரிந்த இதயத்தசை நோயால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான வளர்ப்புப் பூனைகள் இறந்துகொண்டிருந்தன. இதயத்தை வலுப்படுத்தும் மருந்துகளும் நீரை வெளியேற்றும் மருந்துகளும் சில நாட்களோ வாரங்களோ தாக்குப்பிடிக்க உதவின. அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இதய மருத்துவர்களான பால் பியான், மார்க் கிட்டில்சன் ஆகியோரும், பூனையின் ஊட்டச்சத்தை நெடுநாள் ஆராய்ந்துவந்த குவின்டன் ராஜர்ஸ், ஜேம்ஸ் மாரிஸ் ஆகியோரும் இந்த இரண்டு செய்திகளையும் இணைத்துப் பார்த்தனர். அவர்களுடைய கட்டுரை 1987 ஆகஸ்டில் சயன்ஸ் இதழில் வெளிவந்தது. கடையில் வாங்கிய பூனை உணவையே தின்று இதயச் செயலிழப்புக்கு ஆளான 21 பூனைகளின் இரத்தத்தில் டாரின் குறைந்திருந்தது. ஆய்வகத்தில் நான்கு ஆண்டுகள் டாரின் குறைவான உணவு உண்ட 11 பூனைகளில் 2 பூனைகளுக்கும் அதே இதய நிலை காணப்பட்டது. வாய்வழியே டாரின் கொடுத்தபோது இரண்டு பிரிவிலும் இதயத்தின் இயக்கம் இயல்புநிலைக்குத் திரும்பியது.

நலிந்த இதயத்தசை மீளாது என்பதே அதுவரை இருந்த எண்ணம். ஒரு ஊட்டச்சத்தைச் சேர்த்தால் அது மீளும் என்பது மருத்துவ உலகிற்குப் புதிய செய்தி. தொடக்க வாரங்களைக் கடந்து பிழைத்த பூனைகள் படிப்படியாகத் தேறி, பின்னர் இதய மருந்துகளே தேவைப்படாத நிலையை அடைந்தன.

கண்டுபிடிப்பில் சங்கடமான பகுதியும் இருந்தது. நோயுற்ற பூனைகள் தின்றது மட்டமான உணவு அல்ல. அக்காலப் பரிந்துரைப்படி போதுமான டாரின் உள்ளதாகக் கருதப்பட்ட உணவே அது. நல்ல உணவு என்று நம்பித் தேடி வாங்கிக் கொடுத்தவர்களின் பூனைகளும் இறந்தன. டப்பா உணவை அதிக வெப்பத்தில் பதப்படுத்தும்போது உண்டாகும் பொருள்கள் குடல் நுண்ணுயிரிகளின் செயலை மாற்றுகின்றன, அந்த நுண்ணுயிரிகள் டாரினைச் சிதைத்துவிடுகின்றன என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. உணவில் எவ்வளவு இருக்கிறது என்பதை அளந்தவர்கள், அதில் எவ்வளவு உடலில் தங்குகிறது என்பதை அளக்கவில்லை.

உணவு நிறுவனங்கள் விரைவில் டாரின் அளவைக் கூட்டின. அமெரிக்கத் தீவன நெறியாளர் சங்கத்தின் அளவுகோலின்படி உலர் உணவில் குறைந்தது 0.1 விழுக்காடும், டப்பா உணவில் உலர் எடைக் கணக்கில் 0.2 விழுக்காடும் டாரின் இருக்க வேண்டும். டப்பா உணவுக்கு இருமடங்கு வைத்ததன் காரணம் மேலே கூறிய குடல் இழப்பே. சில ஆண்டுகளுக்குள் விரிந்த இதயத்தசை நோய் பூனைகளில் அரிய நோயாகிவிட்டது.

இது பழைய செய்தி என்று ஒதுக்கத்தக்கதன்று. பால்சோறும் தயிர்சோறும் மட்டும் போட்டு வளர்க்கப்படும் பூனைக்கு இன்றும் டாரின் கிடைப்பதில்லை. வெளியே சென்று எலி, பல்லி, பறவை பிடிக்கும் பூனை அந்தக் குறையைத் தானே ஈடுசெய்துகொள்ளும். அடுக்குமாடிக் குடியிருப்பில் கதவுக்குள்ளேயே வாழும் பூனைக்கு அந்த வழி இல்லை. மீனையோ இறைச்சியையோ வேகவைத்து நீரை வடித்துவிட்டுக் கொடுத்தால் டாரினின் ஒரு பகுதி அந்த நீரோடு போய்விடுகிறது. வேகவைத்த நீரையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. பூனையை முழுச் சைவ உணவில் வளர்க்க விரும்புவோர் டாரினைத் தனியே சேர்க்காவிட்டால், அதன் கண்ணையும் இதயத்தையும் இடருக்கு உள்ளாக்குகின்றனர்.

ஒலியால் பார்த்த இதயம்

டேவிஸ் குழுவினரின் கண்டுபிடிப்புக்கு உதவிய கருவி மீயொலி இதய வரைவு. மக்கள் வழக்கில் இது எக்கோ எனப்படுகிறது. சுவீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் இங்கே எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும் 1953இல் இதயத்தின் அசைவை முதன்முதலாக மீயொலியால் பதிவு செய்தனர். உலோகத்தில் விரிசல் தேடுவதற்காகக் கப்பல் கட்டும் தளத்தில் பயன்பட்ட கருவியே அவர்களுடைய தொடக்கச் சோதனைகளுக்கு வழிகாட்டியது. 1970களின் பிற்பகுதியிலிருந்து இம்முறை கால்நடை மருத்துவத்திற்கும் வந்தது.

எக்கோ வந்தபின் உயிருள்ள பூனையின் இதயச்சுவரை மில்லிமீட்டர் கணக்கில் அளக்க முடிந்தது. நலமுள்ள பூனையின் இடது கீழறைச் சுவர் தளர்ந்த நிலையில் பொதுவாக 5 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்கும். 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து வேறு காரணம் இல்லையென்றால் தடித்த இதயத்தசை நோய் என்று கொள்ளப்படுகிறது. இடைப்பட்ட அளவு ஐயத்திற்குரியது.

டாரின் குறைபாடு நீங்கியபின் எஞ்சியிருந்த பெரிய நோய் தடித்த இதயத்தசை நோயே. அது எவ்வளவு பரவலானது என்பதை லண்டனில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. புதிய வீடுகளுக்காகக் காத்திருந்த, வெளித்தோற்றத்தில் நலமாயிருந்த 780 பூனைகளுக்கு எக்கோ எடுத்துப் பார்த்தனர். அவற்றுள் 14.7 விழுக்காட்டிற்குத் தடித்த இதயத்தசை நோய் இருந்தது. ஏறக்குறைய ஏழு பூனைகளில் ஒன்று. முடிவுகள் 2015இல் வெளியாயின. இதய முணுமுணுப்பு ஒலி 40.8 விழுக்காடு பூனைகளில் கேட்டது. ஆனால் ஒலி கேட்ட பூனைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு இந்நோய் இல்லை. நோயிருந்தும் ஒலி கேட்காத பூனைகளும் உண்டு. ஆகவே ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் ஒலியை மட்டும் கொண்டு அஞ்சவும் முடியாது, ஆறுதல் கொள்ளவும் முடியாது.

மரபணுவைத் தேடி

மெய்ன் கூன் என்பது அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்த, நீண்ட முடியும் பெரிய உடலும் கொண்ட பூனையினம். இவ்வினக் குடும்பங்கள் சிலவற்றில் தடித்த இதயத்தசை நோய் தலைமுறை தலைமுறையாக வருவதை மார்க் கிட்டில்சன் குழுவினர் 1999இல் விவரித்தனர். 2005இல் கேத்ரின் மியூர்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டறிந்தனர். அது இதயத்தசையிலுள்ள மயோசின் பிணைப்புப் புரதம் சி என்னும் புரதத்தை ஆக்கும் மரபணுவில் இருந்தது. 2007இல் ராக்டால் இனத்தில் அதே மரபணுவில் வேறோர் இடத்தில் இன்னொரு மாற்றம் கண்டறியப்பட்டது.

கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து எடுத்த மாதிரியைக் கொண்டே இம்மாற்றத்தைச் சோதிக்க முடிந்ததால், இனப்பெருக்கம் செய்வோர் நோய்க்கூறுள்ள பூனைகளைத் தவிர்க்க வழி ஏற்பட்டது. ஆயினும் ஒரு சிக்கல் எழுந்தது. மெய்ன் கூன் பூனைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இம்மாற்றத்தைக் கொண்டிருந்தன. அவை அனைத்தையும் ஒரேயடியாக விலக்கினால் இனத்தின் மரபு வளம் சுருங்கி வேறு நோய்கள் தலைதூக்கும். எனவே இரு பெற்றோரிடமிருந்தும் மாற்றத்தைப் பெற்ற பூனைகளை முதலில் விலக்கி, மற்றவற்றைப் படிப்படியாகக் குறைக்கும் முறை பரிந்துரைக்கப்பட்டது. இரண்டு பிரதிகள் உள்ள பூனைகளுக்கே நோய் வரும் வாய்ப்பு மிகுதி. ஒரு பிரதி மட்டும் உள்ளவை பல நலமாகவே வாழ்கின்றன. நோயுற்ற பூனைகளில் பெரும்பாலானவை இனப்பெயரற்ற சாதாரண வீட்டுப் பூனைகள். அவற்றுக்கு இச்சோதனைகள் உதவுவதில்லை.

இந்த மரபணுவுக்குத் தமிழகத்தோடும் ஒரு தொடர்பு உண்டு. மனிதரில் இதே மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம் தெற்காசிய மக்களில் ஏறக்குறைய 4 விழுக்காட்டினரிடம் காணப்படுவதும், அது இதயத்தசை நோயோடு தொடர்புடையது என்பதும் 2009இல் நேச்சர் ஜெனட்டிக்ஸ் இதழில் வெளியாயிற்று. பெருந்துறை தண்டபாணி முதல் ஆசிரியராக எழுதிய அக்கட்டுரையில் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமும் பங்கேற்றிருந்தன. இம்மாற்றம் உள்ள அனைவருக்கும் நோய் வருவதில்லை. வந்தாலும் பெரும்பாலும் நடுவயதைக் கடந்தே வெளிப்படுகிறது. மெய்ன் கூன் பூனையின் இதயத்திலும் நம்மவர் சிலரின் இதயத்திலும் ஒரே புரதத்தின் குறையே நோய்க்கு வழிவகுக்கிறது.

இரத்தக்கட்டி: கடினமான முடிவு

இதய நோயுள்ள பூனையை வளர்ப்பவர் மிகவும் அஞ்சுவது இரத்தக்கட்டியை. விரிந்த இடது மேலறையில் இரத்தம் தேங்கிச் சுழலும்போது கட்டி உருவாகிறது. அது விடுபட்டு, பெருந்தமனி வழியே சென்று, பின்னங்கால்களுக்கு இரண்டாகப் பிரியும் இடத்தில் அடைத்துக்கொள்கிறது. நலமாக உலவிய பூனை திடீரென அலறும். பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகரும். கால்கள் குளிர்ந்து, பாத மெத்தைகள் வெளுத்தோ நீலம் பூத்தோ காணப்படும். வலி கடுமையானது. பல வீடுகளில் இதயத்தில் நோய் இருந்தது என்பதே இந்த நொடியில்தான் தெரியவருகிறது. அடிபட்டிருக்கும், தவறி விழுந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு வருவோர் பலர்.

பிரித்தானியப் பொது மருத்துவமனைகளுக்கு 2004 முதல் 2012 வரை இந்நிலையில் வந்த 250 பூனைகளைப் பற்றிய ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவை வந்த வேளையிலேயே கருணைக்கொலை செய்யப்பட்டன. பிழைத்தவை சிலவே. அவற்றுள் சில பூனைகள் ஓராண்டுக்கு மேலும் வாழ்ந்தன என்பதையும் அவ்வாய்வு காட்டியது. இரண்டு கால்களும் செயலிழந்து உடல் வெப்பம் வெகுவாகத் தாழ்ந்திருந்தால் நம்பிக்கை குறைவு. ஒரு கால் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் வாய்ப்பு சற்று மிகுதி. எவ்வாறாயினும் உடனே வேண்டியது வலி நீக்கம். பிழைக்க வைக்க முயல்வதா, வலியை முடித்துவைப்பதா என்பதை வீட்டார் சில நிமிடங்களில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. முன்பே நோயை அறிந்திருந்தவர்கள் இந்தப் பேச்சை அமைதியான ஒரு நாளில் மருத்துவரோடு பேசிவைத்துக்கொள்ள முடியும்.

கட்டி உருவாகாமல் தடுக்க நெடுங்காலம் ஆஸ்பிரின் கொடுக்கப்பட்டது. பூனையின் கல்லீரல் இத்தகைய மருந்துகளை மிக மெதுவாகவே சிதைக்கும். அதனால் மூன்று நாளைக்கு ஒருமுறை மட்டுமே கொடுத்தனர். இதே காரணத்தால் பாரசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சு. அதை எந்த அளவிலும் கொடுக்கக்கூடாது. டேனியல் ஹோகன் தலைமையில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், ஒருமுறை கட்டி வந்து பிழைத்த 75 பூனைகளுக்கு ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ கொடுத்து ஒப்பிட்டனர். கட்டி மீண்டும் வருவதற்கான இடைநிலைக் காலம் ஆஸ்பிரின் பிரிவில் 192 நாட்கள், குளோபிடோக்ரெல் பிரிவில் 443 நாட்கள். அதன்பின் குளோபிடோக்ரெலே முதல் தேர்வாயிற்று. மனிதருக்கான 75 மில்லிகிராம் மாத்திரையின் கால் பங்கு ஒரு பூனையின் ஒரு நாள் அளவு. மாத்திரை மிகவும் கசப்பு. நாக்கில் பட்டால் பூனை நுரை தள்ளும். எனவே வெறும் கேப்சூலில் போட்டுக் கொடுப்பது வழக்கம்.

வீட்டில் எண்ணப்படும் மூச்சு

இதய நோய் மருத்துவத்தில் வீட்டாருக்குக் கிடைத்த பயனுள்ள கருவிக்கு விலை இல்லை. அது தூங்கும் பூனையின் மூச்சை எண்ணுவது. நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கும்போது, மற்ற அறிகுறிகள் தோன்றுமுன்னரே மூச்சின் வேகம் கூடுகிறது. நலமுள்ள பூனைகளும், நோயிருந்தும் செயலிழப்பை எட்டாத பூனைகளும், தூக்கத்தில் பொதுவாக நிமிடத்திற்கு 30 முறைக்குக் குறைவாகவே மூச்சு விடுகின்றன. 2010களில் வந்த ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தின.

எண்ணும் முறை எளிது. மார்பு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. பூனை ஆழ்ந்து உறங்கும்போது 30 நொடிகள் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். உறுமிக் கொஞ்சும் போதும், வெயிலில் கிடக்கும் போதும், விளையாடி முடித்த உடனேயும் எண்ணக்கூடாது. ஒரு குறிப்பேட்டில் நாளும் எண்ணும் குறித்துவந்தால் அந்தப் பூனையின் இயல்பு அளவு தெரியும். 30க்கு மேல் தொடர்ந்து இருந்தாலோ வழக்கமான அளவிலிருந்து வெகுவாக உயர்ந்தாலோ அன்றே மருத்துவரை அணுக வேண்டும். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் காத்திருக்கக்கூடாது. அது நெருக்கடி நிலை.

மருத்துவமனையில் பூனை அஞ்சுவதால் அங்கு எண்ணும் மூச்சும் நாடித்துடிப்பும் உண்மை நிலையைக் காட்டுவதில்லை. அச்சமே நலிந்த இதயத்திற்குச் சுமை. எனவே வீட்டுக் குறிப்பேடு மருத்துவருக்கும் முக்கியமான சான்றாகிறது. ஃபுரோசமைடு போன்ற நீர்நீக்கி மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் இந்த எண்ணை வைத்தே முடிவாகின்றன. இவ்வாறு எண்ணிக்கொண்டே இருப்பது சிலருக்கு ஓயாத கவலையாகவும் மாறுகிறது. நள்ளிரவில் விழித்துப் பூனையின் விலாவைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. நோய் நிலையாக இருக்கும் பூனைக்கு அடிக்கடி எண்ணத் தேவையில்லை. எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதை மருத்துவரிடம் கேட்டு வரையறுத்துக்கொள்வது வீட்டாரின் நிம்மதிக்கு நல்லது.

மருந்துகளின் வரலாறு

தடித்த இதயத்தசை நோய்க்கான மருந்துத் தேடலில் ஏமாற்றங்களே மிகுதி. இதயத் துடிப்பைக் குறைக்கும் அட்டெனோலால் பல்லாண்டுகள் பரவலாகக் கொடுக்கப்பட்டது. அறிகுறியற்ற பூனைகளில் அது ஐந்தாண்டு வாழ்நாளை நீட்டவில்லை என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. கொடுக்க வேண்டியதில்லாத மாத்திரையைக் கொடுக்காதிருப்பதும் ஒரு முன்னேற்றமே. நாள்தோறும் வாயைப் பிடித்துத் திறந்து மாத்திரை போடுபவரிடமிருந்து பூனை ஒளிந்துகொள்ளத் தொடங்குகிறது. நோயைவிட அந்த விலகலே தங்களை வருத்தியது என்று கூறும் வளர்ப்பவர்கள் உண்டு.

2018இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு 21 நாடுகளைச் சேர்ந்த 1,730 பூனைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்தது. அவற்றுள் 1,008 பூனைகளுக்கு அறிகுறியற்ற தடித்த இதயத்தசை நோய் இருந்தது. நோயுள்ளவற்றில் ஏறக்குறைய 30 விழுக்காட்டிற்கு இதயச் செயலிழப்போ இரத்தக்கட்டியோ இரண்டுமோ வந்தன. மற்றவை அவ்விளைவுகள் இன்றியே வாழ்ந்தன. நோய் இருக்கிறது என்ற சொல்லைக் கேட்டு நிலைகுலைபவருக்கு இந்த எண்ணிக்கையின் இரு பக்கமும் தெரிய வேண்டும்.

அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரி 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, நோயை ஏ, பி, சி, டி என்னும் நிலைகளாகப் பிரித்தது. நோய் வரும் வாய்ப்புள்ளவை ஏ. நோயிருந்தும் அறிகுறியில்லாதவை பி. இதில் மேலறை விரியாதவை பி1, விரிந்து இடர் மிகுந்தவை பி2. செயலிழப்போ இரத்தக்கட்டியோ வந்தவை சி. மருந்துக்கு அடங்காதவை டி. பி1 நிலையில் பொதுவாக மருந்து வேண்டியதில்லை, ஆண்டுக்கொரு முறை சோதித்தால் போதும். பி2 நிலையில் கட்டியைத் தடுக்கும் மருந்து தொடங்கப்படுகிறது. சி நிலையில் நீர்நீக்கி மருந்து வாழ்நாள் முழுவதும் தேவைப்படுகிறது.

தடித்தலையே கட்டுப்படுத்தும் முயற்சி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1964இல் ஈஸ்டர் தீவுக்குச் சென்ற கனடிய ஆய்வுக்குழு அங்கிருந்து மண் மாதிரிகள் கொண்டுவந்தது. அம்மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரியிலிருந்து, மாண்ட்ரியலில் பணியாற்றிய இந்திய அறிவியலாளர் சுரேந்திர நாத் சேகல் குழுவினர் 1970களில் ஒரு மருந்தைப் பிரித்தெடுத்தனர். தீவின் உள்ளூர்ப் பெயரான ராப்பா நூயியை ஒட்டி அதற்கு ராப்பமைசின் என்று பெயரிட்டனர். நிறுவனம் அந்த ஆராய்ச்சியைக் கைவிட்டபோது சேகல் அந்த நுண்ணுயிரியைத் தம் வீட்டு உறைபெட்டியில் பாதுகாத்தார். சிரோலிமஸ் என்ற பெயரில் 1999இல் அது சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தாக ஏற்கப்பட்டது.

2023இல் வெளியான ஆய்வொன்றில், அறிகுறியற்ற நோயுள்ள 43 பூனைகளுக்கு 180 நாட்கள் வாரம் ஒருமுறை இம்மருந்தோ போலி மருந்தோ கொடுக்கப்பட்டது. குறைந்த அளவு மருந்து பெற்ற பூனைகளின் இதயச்சுவர், போலி மருந்து பெற்றவற்றை விட மெலிந்திருந்தது. 2025 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கு நிபந்தனையுடன் கூடிய ஒப்புதல் அளித்தது. பூனையின் அறிகுறியற்ற தடித்த இதயத்தசை நோய்க்கு அத்தகைய ஒப்புதல் பெற்ற முதல் மருந்து இது. நீரிழிவோ கல்லீரல் நோயோ உள்ள பூனைக்கு இது ஏற்றதன்று. சுவர் மெலிவதால் வாழ்நாள் நீளுமா என்பதைப் பெரிய ஆய்வுகளே உறுதிசெய்ய வேண்டும்.

மதிப்பீடு

பூனை இதய நோயின் வரலாற்றில் இரண்டு வகையான அறிவைக் காண்கிறோம். டாரின் பற்றிய அறிவு நோயை நீக்கியது. காரணம் தெரிந்தது, உணவு மாறியது, சாவு குறைந்தது. தடித்த இதயத்தசை நோய் பற்றிய அறிவு அவ்வாறு நோயை நீக்கவில்லை. அது நோய் வருவதை முன்கூட்டிச் சொல்கிறது, இடரை அளக்கிறது, ஆனால் தடுத்து நிறுத்தும் ஆற்றல் இப்போதுதான் முளைவிடுகிறது.

குணப்படுத்த முடியாத ஒன்றை அறிந்து என்ன பயன் என்ற கேள்வி இங்கே எழும். பயன் உண்டு. மயக்க மருந்து கொடுக்கும்போதும், நரம்பு வழியே நீர் ஏற்றும்போதும், ஸ்டீராய்டு ஊசி போடும்போதும் மருத்துவர் கூடுதல் கவனம் கொள்வார். நோய் மறைந்திருந்த பூனைகளில் செயலிழப்பைத் தூண்டக்கூடியவை இவையே. கட்டி வருமுன் தடுப்பு மருந்து தொடங்கலாம். மூச்சு கூடிய முதல் நாளிலேயே மருத்துவமனைக்குப் போகலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, இருக்கும் காலத்தை அச்சத்தில் கழிக்காமல், பூனைக்கு உகந்த அமைதியான வாழ்வை அமைத்துக் கொடுக்கலாம்.

பூனைக்குத் தன் நோய் தெரியாது. வெயில் விழும் இடத்தைத் தேடிப் படுப்பதும், மீன் வாடை வந்தால் அடுப்படிக்கு ஓடி வருவதும் அதற்கு அன்றாடம். கணக்கு வைப்பதும் முடிவெடுப்பதும் அதை வளர்ப்பவரின் பொறுப்பு. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டிய செய்தியே அவருக்குக் கிடைத்திருக்காது. இன்று அது கிடைக்கிறது.